உலகளந்தவன் காலடியில் மொம்பாசா

பல்லாவரத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருநீர்மலை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. மலையடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்தும், அரங்கநாதர் சயனித்தும், உலகளந்த பெருமாள் நடந்தும் அருள்கின்றனர். நின்று, இருந்து, கிடந்து, நடந்து என நான்கு கோலங்களையும் ஒரே தலத்தில் காணலாம் என்பது இவ்வூரின் பெருமை. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தது. அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று தலவரலாறு கூறுகிறது.

இக்காலத்தில் பல்லாவரத்துக் குடும்பங்களுக்கு இந்தப் படிகளில் ஏற மற்றொரு காரணமும் உண்டு. விமான நிலையம் அடுத்த ஊர். வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடல் கடந்து வேலை செய்கிறது. பயணச்சீட்டு வந்ததும் பெற்றோர் முதலில் செல்லும் இடம் திருநீர்மலையாகவோ, விமான நிலையத்தின் எதிரே குன்றுகளுக்கு நடுவில் உள்ள திரிசூலநாதர் கோயிலாகவோ இருக்கிறது. அமெரிக்கா, சிங்கப்பூர் என்றால் வழி சொல்ல நாலு பேர் உண்டு. ஆப்பிரிக்கா என்றால் சொல்வோர் குறைவு, அச்சம் அதிகம்.

அப்படி ஒரு வீடு பல்லாவரத்தில் உண்டு. மாப்பிள்ளைக்குக் கென்யா நாட்டின் மொம்பாசாவில் துறைமுகம் சார்ந்த பணி. மகளுக்குத் தலைப்பிரசவம், பயணம் செய்ய இயலாத நிலை. அறுபதைக் கடந்த பெற்றோர்தாம் போயாக வேண்டும். “அந்த ஊரில் ஏகாதசி எப்படிங்க தெரியும்? அமாவாசைக்கு நீங்க என்ன செய்வீங்க?” என்பதே அம்மாளின் முதல் கேள்வி. கணவரின் கேள்வியோ தடுப்பூசியைப் பற்றியது. இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு புறப்படும் குடும்பம் அல்லல்படாது.

ஊரும் வழியும்

மொம்பாசா கென்யாவின் இரண்டாவது பெரிய நகரம். 2019 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12 லட்சம் பேர். சென்னையோடு வைத்துப் பார்த்தால் நடுத்தரமான ஊர்தான். நகரின் மையப்பகுதி ஒரு தீவு. மேற்கே மக்கூப்பா பாலம், வடக்கே நியாலி பாலம், தெற்கே லிக்கோனி படகுத்துறை ஆகியவை அதை நிலத்தோடு இணைக்கின்றன. லிக்கோனியில் நடந்து ஏறுவோருக்குக் கட்டணம் இல்லை. வாகனங்களுக்கு மட்டுமே உண்டு. காலையும் மாலையும் அங்கே நெரிசல் மிகுதி. மூத்தவர்கள் அந்த வேளைகளைத் தவிர்ப்பதும், கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்வதும் நலம்.

சென்னையிலிருந்து மும்பை, நைரோபி வழியாகவோ, வளைகுடா நாடுகள் வழியாகவோ, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகவோ மொம்பாசா சேரலாம். நைரோபியில் இறங்குவோருக்கு 2017 முதல் ஓடும் மதராக்கா எக்ஸ்பிரஸ் ரயிலும் உண்டு. அதன் மொம்பாசா நிலையம் தீவுக்கு வெளியே மிரிதினியில் இருப்பதால், அழைத்துச் செல்ல வண்டியை முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தனியே செல்லும் மூத்தவர்கள் பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்துவிட்டால், இடையில் விமானம் மாறும் இடத்தில் வழி தேடித் தவிக்க நேராது.

2024 ஜனவரி முதல் கென்யா விசா முறையை நீக்கிவிட்டு, இணையவழி முன் அனுமதியைக் கட்டாயமாக்கியுள்ளது. புறப்படும் முன்பே அதைப் பெற வேண்டும். பொதுவாக 90 நாள் தங்கலாம். பிரசவத்துக்குச் செல்வோர் இந்த எண்ணிக்கையை மறக்கலாகாது. ஏழாம் மாதத்திலேயே போய்விட்டால், குழந்தை பிறந்து சில வாரங்களில் கெடு முடிந்துவிடும். ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் சென்றால் புண்ணியாகவாசனமும் முடிந்து, தாய்க்கும் சேய்க்கும் நாற்பது நாள் துணையிருந்து திரும்ப இயலும்.

தடுப்பூசி என்னும் முதல் படி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் கடைசி வாரத்தில்தான் நினைக்கிறார்கள். அதுவே பெரிய பிழை. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை உடன் கொண்டுசெல்ல வேண்டும். நாளும் நேரமும் முன்கூட்டிக் கேட்டறிந்து போவது நல்லது.

மொம்பாசா நகரில் மட்டும் தங்குவோருக்கு இந்நோயின் ஆபத்து குறைவு என்றே மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. ஆனால் இந்திய அரசின் விதி ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. கென்யா அந்தப் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இன்றித் திரும்புவோரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். எனவே போகும்போது எவரும் கேட்கவில்லை என்று நிம்மதி அடைந்தவர், திரும்பும்போது சிக்கிக்கொள்வார்.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இதில் மற்றொரு சிக்கல் உண்டு. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன ஊசி. முதுமையில் முதல்முறையாகப் போட்டுக்கொள்வோருக்குக் கடும் பின்விளைவுகள் நேரும் வாய்ப்பு, அரிதே ஆயினும், இளையவர்களைவிடக் கூடுதல். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், முட்டை ஒவ்வாமை உள்ளோர் ஆகியோரும் மருத்துவரிடம் சொல்லாமல் போட்டுக்கொள்ளலாகாது. மருத்துவக் காரணத்தால் விலக்குக் கடிதம் பெற்றவரும் திரும்பும்போது தனிமைப்படுத்தப்படலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு திரும்பும் குடும்பங்கள், குழந்தைக்குரிய விதியை விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிய வேண்டும்.

அந்தப் பல்லாவரத்து வீட்டில் இதுதான் நிகழ்ந்தது. கணவர் மூட்டுவாதத்துக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர். மருத்துவர் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாளுக்குத் தடையில்லை. முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அவர் கணவரைப் பிரிந்து நாலு நாள் இருந்ததில்லை. இப்போது மூன்று மாதம் தனியே கடல் கடக்க வேண்டும்.

கடற்கரைப் பகுதி ஆதலால் மொம்பாசாவில் மலேரியா உண்டு. கொசுவலைக்குள் உறங்குவதும், தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதும் தேவை. வழக்கமான மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு வாங்கி, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு இன்றிப் புறப்படக் கூடாது. ஆகா கான் மருத்துவமனை, பாண்டியா நினைவு மருத்துவமனை ஆகியவை அங்குள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள். பெயரைப் பார்த்து மதுரைப் பாண்டியரை நினைக்க வேண்டாம். அது குஜராத்திக் குடும்பப் பெயர்.

பஞ்சாங்கமும் சூரியனும்

இனி அம்மாளின் கேள்வி. மொம்பாசாவின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. திதியும் நட்சத்திரமும் வானில் நிகழ்பவை. உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் முடிகின்றன. ஆகவே சென்னைப் பஞ்சாங்கத்தில் கண்ட நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்தால் மொம்பாசா நேரம் கிடைக்கும். சென்னையில் பிற்பகல் 2 மணிக்குப் பிறக்கும் அமாவாசை, அங்கே முற்பகல் 11.30 மணிக்கே பிறந்துவிடும். சென்னையில் காலை 8 மணிக்குத் தொடங்கும் திதி, அங்கே விடியுமுன் 5.30 மணிக்கே தொடங்கிவிடும். அவ்வாறாயின் சூரிய உதயத்தில் இருக்கும் திதி இங்கே ஒன்று, அங்கே ஒன்று ஆகும். விரத நாள் சில மாதங்களில் ஒருநாள் முன்பின்னாக வருவது இதனால்தான். புறப்படும் முன், தங்கும் மூன்று மாதத்துக்குரிய ஏகாதசி, அமாவாசை, சிராத்த நாள்களை மொம்பாசா உதயத்தைக் கொண்டு கணித்து எழுதித் தருமாறு குடும்பப் புரோகிதரைக் கேட்டுக்கொள்ளலாம். சங்கல்பத்தில் தேசத்தைச் சொல்லும் பகுதியை எப்படி மாற்றுவது என்பதையும் அவரிடமே கேட்பது முறை.

ராகுகாலத்துக்கு வேறு கணக்கு. அது அந்தந்த ஊரின் பகற்பொழுதை எட்டாகப் பகுப்பது; இரண்டரை மணியைக் கழிக்கலாகாது. மொம்பாசா நிலநடுக்கோட்டுக்கு நான்கு பாகை தெற்கே உள்ளது. ஆதலால் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஒரு பங்கு ஒன்றரை மணி என்னும் நம் வழக்கமான கணக்கு சென்னையைவிட அங்கே துல்லியமாகப் பொருந்தும். உதயம் பெரும்பாலும் 6 மணிக்கும் 6.30 மணிக்கும் இடையில். உதயம் 6.30 ஆக உள்ள நாளில் திங்கட்கிழமை ராகுகாலம் 8 மணிக்குத் தொடங்கி 9.30 மணிக்கு முடியும், அவ்வளவே வேறுபாடு.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. சுவாகிலி மொழி பேசும் அவ்வூர் மக்களும் உதயத்திலிருந்தே நேரத்தை எண்ணுகிறார்கள். நம் முன்னோர் உதயாதி நாழிகை எண்ணியதைப் போல, காலை 7 மணி அவர்களுக்கு ‘ஸா மோஜா’, அதாவது முதல் மணி. 8 மணி இரண்டாம் மணி; 10 மணி நான்காம் மணி. இரவுக்கும் அஸ்தமனத்திலிருந்து அவ்வாறே எண்ணுவர். ‘ஸா ன்னே’ என்று ஒருவர் சொன்னால் 4 மணி என்று கொள்ளாமல் 10 மணி என்று கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கும் வண்டிக்கும் நேரம் குறிக்கும்போது, எந்தக் கணக்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டால் ஆறு மணி நேரப் பிழை நேராது.

குழந்தை பிறந்தால் ஜாதகம் கணிப்பதிலும் இந்தக் கவனம் வேண்டும். பிறந்த நேரத்தை இந்திய நேரமாக மாற்றி, சென்னை என்று இடம் குறித்துக் கணித்தால் நட்சத்திரம் சரியாக வரும், லக்னம் பிழைபடும். மொம்பாசாவின் நேரம், மொம்பாசாவின் இடம், அட்சரேகை தெற்கு என்று தெளிவாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். ‘தெற்கு’ என்ற ஒரு சொல்லை விட்டாலும் கணக்கு மாறும்.

மற்றொரு பதிவும் முக்கியம். இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். மொம்பாசாவிலேயே இந்தியாவின் துணைத் தூதரக அலுவலகம் இருப்பதால் இதற்காக நைரோபி வரை அலைய வேண்டியதில்லை.

வழிபாடும் உணவும்

1896இல் மொம்பாசாவிலிருந்து உகாண்டா ரயில்பாதை போடத் தொடங்கியபோது, இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் அந்தப் பணியில் உயிர் நீத்தனர். 1901இல் பாதை விக்டோரியா ஏரியை எட்டியது. அதற்கும் முன்பிருந்தே பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கப்பலில் வந்த குஜராத்தி வணிகர்கள் அங்கே நிலைத்திருந்தனர். இன்றைய கோயில்கள் பெரும்பாலும் அவர்கள் வழிவந்தோர் எழுப்பியவை. ஹைலி செலாசி சாலையில் சுவாமிநாராயணர் கோயில், முவெம்பே தயாரியில் சிவன் கோயில், பழைய நகர்ப்பகுதியில் பளிங்கினால் ஆன சமணக் கோயில் ஆகியவை பெயர் பெற்றவை. நம்மூர்க் கோபுரத்தையும் நாதஸ்வரத்தையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சுவாமிநாராயணர் கோயிலில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வர். ஆரத்தி வேளையைக் கேட்டறிந்து சென்றால் போதும். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மொழி தேவையில்லை.

உணவுக் கவலை வேண்டியதில்லை. சுவாமிநாராயண மரபினர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அவர்கள் நடத்தும் உணவிடங்கள் விரதகாரர்களுக்கு ஏற்றவை. அவ்வூர் மக்களின் காலைச் சிற்றுண்டியே தேங்காய்ப் பாலில் வேகவைத்த துவரை; அதன் பெயர் ‘ம்பாசி’. தேங்காய்ப் பால் சாதம், மரவள்ளி வறுவல், இளநீர் என்று நாவுக்குப் பழகிய பொருள்கள் பல. புளியும் கிடைக்கும். மக்கினன் சந்தையில் மசாலாப் பொருள்கள் குவிந்திருக்கும். அசைவம் சேர்ந்த எண்ணெயா என்பதை மட்டும் வெளியிடங்களில் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீரைக் காய்ச்சியே அருந்த வேண்டும். குழாய்நீர் தட்டுப்பாடும், தள்ளுவண்டியில் தண்ணீர் வாங்குவதும் அங்கே உண்டு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற பல்லாவரத்தாருக்கு இது புதிதன்று.

மின்சாரம் 240 வோல்ட், ஏறக்குறைய நம்மைப் போலவே. மிக்ஸி ஓடும், ஆனால் செருகி சதுரக் கால்கள் கொண்ட பிரிட்டிஷ் வகை என்பதால் மாற்றுச் செருகி வேண்டும். 2017 ஆகஸ்ட் முதல் அந்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. விபூதி, குங்குமம், பிரசாதம் எதுவாயினும் துணிப்பையில் முடிந்து எடுத்துச் செல்ல வேண்டும். மஞ்சப்பை நமக்குத் தெரிந்ததுதானே! துளசிச் செடி, விதை, பச்சைக் காய்கனி ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுசெல்லக் கூடாது.

பணமும் பழகும் முறையும்

நாணயம் ஷில்லிங். 2007இல் தொடங்கிய ‘எம்-பெசா’ என்னும் கைப்பேசிப் பணமுறை காய்கறிக் கடைவரை பரவியுள்ளது. ‘பெசா’ என்பது நம் ‘பைசா’தான். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாம். இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லக் கூடாது என்ற விதி அங்கும் அதுவே. இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதியைப் புறப்படும் முன்பே இயக்கிவிட வேண்டும். கடவு எண் வரும் இந்தியக் கைப்பேசி எண் உயிரோடிருக்க வேண்டும். ஓய்வூதியர் நவம்பரில் வெளிநாட்டில் இருப்பாரானால், உயிர்வாழ் சான்றிதழ் தருவதற்கான வழியை வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நகருக்குள் ‘மட்டாட்டு’ எனும் சிறு வேன்களும், நம்மூர் ஆட்டோவைப் போன்ற ‘டுக்டுக்’ வண்டிகளும் ஓடுகின்றன. ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் கூடும். ஏப்ரல், மே மாதங்களில் பெருமழை. ஜூலை, ஆகஸ்ட் இதமானவை. இரவில் தனியே நடப்பதைத் தவிர்க்க வேண்டும். பழைய நகரில் முஸ்லிம் குடும்பங்கள் மிகுதி. அடக்கமான உடையும், கேட்டுவிட்டுப் படம் எடுப்பதும் மரியாதை. அங்கேயுள்ள ஜீசஸ் கோட்டை 1593 முதல் 1596 வரை போர்த்துகீசியர் கட்டியது. 2011 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அவ்வூரில் இளையவர் பெரியவரைக் கண்டால் ‘ஷிகமோ’ என்பர். ‘தங்கள் பாதங்களைப் பற்றுகிறேன்’ என்னும் பொருளில் பிறந்த சொல் அது என்பர். பெரியவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். நமஸ்காரமும் ஆசியும் அறிந்த நமக்கு இந்த ஒரு வழக்கு போதும், அந்த ஊர் அந்நியம் அன்று என்று உணர.

இரண்டு விளக்குகள்

அந்த அம்மாள் தனியே சென்றார். கைப்பையில் புரோகிதர் எழுதிக்கொடுத்த விரத நாள்களின் தாளும், மஞ்சப்பையில் திருநீர்மலைத் துளசிப் பிரசாதமும் இருந்தன. விமான நிலையத்து வாயிலில் கணவர், “விளக்கேற்றும்போது ஒரு போன் பண்ணு” என்றார். மொம்பாசாவில் மாலை 6.30 மணி என்றால் பல்லாவரத்தில் இரவு 9 மணி. அதுவரை அவர் மாலையில் ஏற்றிய விளக்கு மலையேறாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அங்கே அம்மாள் விளக்கேற்றியதும் தொலைபேசி ஒலிக்கும். இரண்டு சுடரும் எரியும் அந்தச் சில நிமிடங்களே அவர்களின் நாள் வழிபாடாயின. பேத்தி பிறந்த செய்தியும் அந்த வேளையில்தான் வந்தது.

அமாவாசைத் தர்ப்பணம் பல்லாவரத்தில் தவறவில்லை. ஏகாதசி மொம்பாசாவில் தவறவில்லை. இரண்டும் ஒரே நாளில் அமையாத மாதமும் உண்டு. அவரவர் ஊரின் சூரியனைக் கண்டே அவரவர் நோற்றனர். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரின் உதயமே நமக்கு உதயம் என்றுதான் சாத்திரமும் கணக்கிடுகிறது.

திருநீர்மலையில் பெருமாள் நடந்த திருக்கோலம் உலகையே அளந்த கோலம். அந்த அடியில் பல்லாவரமும் அடங்கும், மொம்பாசாவும் அடங்கும். போகும் குடும்பங்கள் ஊசிச் சான்றிதழையும் விரத நாள்களின் தாளையும் மறவாமல் எடுத்துக்கொண்டு, அவன் துணையோடு அச்சமின்றிப் போய் வரட்டும்.